கடைசித் தூணுக்குப் பின்னால்

போன திருவிருந்து ஞாயிறன்று நான் ஏன் ஆலயத்தில் வாசற்கதவை ஒட்டி உட்கார்ந்தேன் என்று கேட்டுவிட்டீர்கள். மாதர் கூட்டத்தில் ஒருத்தி நேராகவே கேட்டாள். மற்றவர்கள் பார்வையால் கேட்டீர்கள். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போக வசதி என்று சொல்லிவைத்தேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு, அரைகுறையாகச் சொன்னதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. இப்போது இதை எழுத உட்கார்ந்த பிறகும் அப்படித்தான் தோன்றுகிறது.

நாமெல்லாம் ஏறக்குறைய ஒரே வயதுக்காரிகள். கைக்குழந்தையும் ரேஷன் அரிசியுமாக நம் நாட்கள் போகின்றன. பழைய கதை சொல்லும் வயது நமக்கு இன்னும் வரவில்லை. ஆனால் பிள்ளை பிறந்ததும் எனக்கு மட்டும் ஒரேயடியாக மூப்பு வந்துவிட்டதுபோல இருக்கிறது. என் அம்மா பயந்ததற்கெல்லாம் நானும் பயப்படுகிறேன். அதனால் அம்மா மிகவும் பயந்துபோயிருந்த ஒரு கோடையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம்.

எருமப்பட்டியைத் தாண்டி, கொல்லிமலை பார்வையில் இருக்கும் ஒரு சிற்றூரில் அப்பா சபை நடத்தும் உபதேசியாராக இருந்தார். வாத்தியாரும் அவரே. வாரநாளில் பள்ளிக்கூடமாக இருக்கும் ஓலைக் கொட்டகைதான் ஞாயிறன்று கோயில். சபையார் எல்லாரும் பண்ணை வேலைக்குப் போகிற குடும்பங்கள். கிறிஸ்தவர்களாகி அதிக காலம் ஆகாதவர்கள். போதகரை ஐயர் என்போம். ஐயர் நாமக்கல்லிலிருந்து மாட்டுவண்டியில் சில மாதங்களுக்கு ஒருமுறை வருவார். அவர் வரும் ஞாயிறுதான் திருவிருந்து.

கொட்டகையை வேப்பமரத் தூண்கள் தாங்கி நின்றன. வாசலுக்கு உட்பக்கம் இருந்த கடைசித் தூண், பிள்ளைகள் சாய்ந்து சாய்ந்து வழவழவென்று இருக்கும். அந்தத் தூண்தான் எல்லை. ஏதாவது குற்றத்துக்காகத் திருவிருந்திலிருந்து தள்ளி வைக்கப்பட்டவர்கள் அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். பாட்டுப் பாடலாம், பிரசங்கம் கேட்கலாம். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் அந்தத் தூணைத் தாண்டி வராது.

எனக்கு விவரம் தெரிந்த நாளாக அங்கே உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். அவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். சபையில் சேராத தன் தம்பி மகனுக்கு மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அதுதான் அவள் குற்றம். வாசலோரம் ஓலை பிய்ந்திருந்ததால் மழைக்காலத்தில் அவள் தலையில்தான் முதலில் சொட்டும். "நீங்கெல்லாம் ஒருக்காத்தான் ஞானஸ்நானம் வாங்குனீங்க. எனக்கு மழைக்கு மழை நடக்குது," என்பாள். அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

இனி மொடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தானியத்தை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைப்பது எங்கள் சபைப் பெண்களின் வழக்கம். ஒரு வீட்டில் கம்பு இருக்கும், ஒரு வீட்டில் சோளம், ஒரு வீட்டில் ராகி. சனிக்கிழமை சாயங்காலம் கலயத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். உள்ளறையில் அந்தப் பெரிய மண் மொடா இருந்தது. பலகை மூடி, அதன்மேல் ஒரு கல். வந்தவள் தனியாக உள்ளே போய்க் கொட்டிவிட்டு வருவாள். அம்மா அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ஆண்டவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று அப்பா ஏற்படுத்திய முறை அது. தள்ளி வைக்கப்பட்டவர்களிடம் காணிக்கை வாங்குவதில்லை. அதனால் அத்தை மட்டும் வரமாட்டாள்.

ஐயர் வரும் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், மொடாவைச் சபைக்கு முன்னால் திறப்பார்கள். கொட்டகைக்கு ஓலை, விளக்குக்கு எண்ணெய் எல்லாம் அதிலிருந்துதான். அதைப் பாதுகாப்பது அம்மாவின் பொறுப்பு. "அது சாமியோடது. அதும்மேல உன்ற நெழல்கூடப் படக்கூடாது," என்பாள் என்னிடம். நான் உள்ளறைக்குப் போகும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு போவேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கிணறுகளில் வாளி சேற்றோடு வந்தது. பண்ணையில் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் தானியமும் இல்லை. மிஷனிலிருந்து அப்பாவுக்கு வர வேண்டியதும் வரவில்லை. எங்கள் வீட்டுக் கூழ் முதலில் தண்ணீராயிற்று, பிறகு தண்ணீரும் கீரையுமாயிற்று. புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றோம். அந்தக் கருகிய வாசனை இன்று எங்கிருந்து வந்தாலும் எழுந்து கதவைச் சாத்திவிடுகிறேன். அப்படியிருந்தும் சனிக்கிழமைகளில் பெண்கள் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது. காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தவன், காய்ச்சல் விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. கழுத்து நிற்காமல் துவண்டது. எருமப்பட்டிக் கம்பவுண்டரிடம் அம்மா தூக்கிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். அவர் தம்பியின் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து எங்கிட்ட இருக்குதும்மா. சோறு நீங்கதான் குடுக்கோணும். கஞ்சி எறங்குனாத்தான் இவன் எந்திரிப்பான்," என்றார்.

மறுநாள் மத்தியானம், அப்பா பள்ளியில் இருந்த நேரம், உள்ளறையில் கல் நகரும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு மொடாவுக்குள் கையை விட்டிருந்தாள். "திருப்பிப் போட்டுடறேன் சாமி, மழை வந்ததும் போட்டுடறேன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியாது.

அன்று தம்பிக்குக் காய்ச்சிய கஞ்சியை எந்த வீட்டுக் கஞ்சியோடும் சேர்க்க முடியாது. கம்பும் சோளமும் ராகியும் கலந்து, வெள்ளையும் கறுப்பும் செம்மையுமாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. எல்லார் கையும் சேர்ந்த தானியம் அல்லவா. அந்தக் கொதியின் மணத்தில் எனக்கு வாயெல்லாம் நீர் ஊறியது. கரண்டியில் ஒட்டியதை நக்கத் தரும்படி கேட்டேன்.

"அது உனக்கு ஆகாது சாமி. அகத்திக்கீரை வெச்சிருக்கறேன், அதைத் தின்னுட்டுப் போ," என்றாள் அம்மா. பிரியமானவர்களைச் சாமி என்று கூப்பிடுவது எங்கள் ஊர்ப் பேச்சு.

அவளும் ஒரு வாய் குடிக்கவில்லை. சட்டியைக் கழுவிய தண்ணீரைக்கூடக் கோழிக்கு ஊற்றாமல் மண்ணில் குழிதோண்டி விட்டாள். ஆண்பிள்ளைக்கு ஒன்று, பெண்பிள்ளைக்கு ஒன்று என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வருஷக்கணக்கில் அந்த ஆத்திரத்தை வைத்திருந்தேன். என் குழந்தை பிறந்த பிறகுதான் ஒருநாள், அடுப்பங்கரையில் நின்றபடியே, அம்மா அன்று என்ன செய்தாள் என்பது உறைத்தது. தம்பியை அந்தப் பாவத்தில் இழுத்தாயிற்று, வேறு வழியில்லை. என்னையாவது வெளியே வைக்கப் பார்த்திருக்கிறாள்.

தம்பி எழுந்து உட்கார்ந்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா மொடாவைத் தொடுவதை நிறுத்தினாள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அம்மாவுக்கு விரல் முட்டியால் மொடாவைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. தானியம் இருக்கும் உயரம் வரைக்கும் சத்தம் அடங்கிப் போகும். அதற்கு மேலே கணீரென்று கேட்கும். அந்தக் கணீர் சத்தம் வாரத்துக்கு வாரம் கீழே இறங்கிக்கொண்டு வந்தது. அம்மா தன் பங்குக் கூழுக்கான ராகியைச் சமைக்காமல் மொடாவில் போட ஆரம்பித்தாள். அப்போதும் இறங்கியது. எலி என்று நினைத்து மூடியின்மேல் இன்னொரு கல்லை வைத்தாள். அப்போதும் இறங்கியது.

அந்தச் சமயத்தில்தானா அப்பா அந்தப் பிரசங்கத்தைச் செய்ய வேண்டும்! பஞ்சகாலத்தில் தீர்க்கதரிசிக்குச் சோறு போட்ட ஒரு விதவையின் பானையில் மாவு குறையவே இல்லை என்ற சம்பவம். பசியில் இருந்த சபைக்குத் தைரியம் சொல்லத்தான் அதை எடுத்தார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் அவள் மொடாவின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு பேசியது எனக்குக் கேட்டது. "நா எடுத்தது கொஞ்சம்ங்க ஆண்டவரே. அதுக்கா இத்தனை கொறையுது? மீதியை நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "இதோட நிறுத்திக்குங்க. பையன்கிட்டப் போகாதீங்க," என்றாள்.

அவள் கணக்கு அதுதான். விதவையின் பானையில் ஆண்டவர் கூட்டிக்கொடுத்தார். இந்த மொடாவிலிருந்து கழித்துக்கொண்டு வருகிறார். மொடா காலியானதும் அந்தத் தானியத்தைத் தின்ற பிள்ளையையும் எடுத்துக்கொள்வார். தேறி வந்த தம்பியை அவள் இடுப்பைவிட்டு இறக்குவதை நிறுத்திவிட்டாள். அவன் தும்மினால் பதறினாள். ஒருநாள் அவன் வழக்கத்தைவிட அதிக நேரம் தூங்கினான் என்று எழுப்பி அழவிட்டாள். அழுகையைக் கேட்டுக்கொண்டே அவள் சிரித்தது எனக்குப் பயமாக இருந்தது.

ஐயர் வருவதாகச் செய்தி வந்தது. முந்தின சனிக்கிழமை காலை திருவிருந்துக்கான ஆயத்தக் கூட்டம். அபாத்திரமாக, அதாவது தகுதியில்லாமல், அந்த அப்பத்தைச் சாப்பிடுகிறவர்கள் தங்களுக்கே ஆக்கினையை, தண்டனையைச் சாப்பிடுகிறார்கள் என்று அப்பா விளக்கினார். ஆதிச் சபையில் அப்படிச் செய்ததால் சிலர் நோயாளிகள் ஆனார்கள், சிலர் செத்தும் போனார்கள் என்று சொன்னார். பெண்கள் பக்கத்தில் யாரும் நிமிரவில்லை. பசி மயக்கம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, நாளைக்கு நா பந்திக்கு வரலீங்க."

அப்பா சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "உடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க."

"பிறகு?"

அம்மா தம்பியை இடுப்பு மாற்றி வைத்தாள்.

"யாரோடயாவது சண்டையா?" என்றார் அப்பா. அதற்கும் பதில் வராததால் ஆமென்று எடுத்துக்கொண்டார். "உபதேசியார் வீட்டம்மா தூணுக்குப் பின்னால உட்கார்ந்தா ஐயர் என்னை என்ன கேப்பார்? யாரோட மனத்தாங்கலோ, போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா."

"யாருகிட்டன்னு போறதுங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? எல்லார் வீட்டுக்கும் போ. வெளிச்சம் இருக்கும்போதே போ."

அப்பா கொடுமைக்காரர் இல்லை. ஒழுங்கு என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பாள் என்று சில சமயம் நினைக்கிறேன். சொல்லியிருக்க மாட்டாள் என்றும் நினைக்கிறேன். தெரிந்துவிட்டால் அவர் ஐயரிடம் மனைவியைக் காட்டிக்கொடுக்க வேண்டும், அல்லது மறைக்க வேண்டும். இரண்டையும் அவர் தலையில் வைக்க அவளுக்கு மனமில்லை.

ஆக, சண்டையே போடாத அம்மா மன்னிப்புக் கேட்கக் கிளம்பினாள். இடுப்பில் தம்பி, பின்னால் நான்.

முதலில் கோயில் கூட்டும் அக்கா வீடு. அவள் அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சட்டியை மூடினாள். மூடுவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். வெள்ளையும் கறுப்பும் செம்மையும்.

"எம்மேல ஏதாச்சும் வருத்தம் இருந்தா மன்னிச்சுக்கோணும்," என்றாள் அம்மா.

"உங்க மேல எனக்கென்னங்கம்மா வருத்தம்?" அக்கா சட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை."

"அப்பறம் ஏனுங்க இன்னைக்குப் பாத்து வந்தீங்க?"

அடுத்தது கிணற்றோரத்துப் பெரியம்மா. அம்மா ஆரம்பித்ததுமே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கேக்கறதை நேராக் கேட்டுப்போடுங்க உபதேசியாரம்மா. மன்னிப்புக் கேக்கற மாதிரி வந்து ஆளை நோட்டம் பாக்கறதா? எங்க ஊட்லயும் வாயும் வயிறும் இருக்குது."

"நா ஒண்ணும் கேக்க வரலீங்க பெரியம்மா," என்றாள் அம்மா, ஒன்றும் விளங்காமல்.

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை. ஒருத்தி அழுதாள். ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று, வீட்டில் இல்லை என்று பிள்ளையைச் சொல்லச் சொன்னாள். அம்மா எதையும் கவனிக்கவில்லை. தன் குற்றம் ஒன்றையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கவனித்த எனக்கோ சேர்த்துப் பார்க்கும் வயதில்லை.

கடைசியில் அத்தை வீடு. "எங்கிட்டயா மன்னிப்பு?" என்று அவள் சிரித்தாள். "தள்ளி வெச்சவகிட்ட மன்னிப்புக் கேட்டா உங்களையும் தள்ளிப்போடுவாங்க சாமி." பிறகு அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"நாளைக்கு உங்ககூட உக்காந்துக்கட்டுங்களா?" என்றாள் அம்மா.

அத்தைக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கொஞ்சம் பொறுத்து, "எடம் கெடக்குது, வாங்க," என்றாள்.

ஞாயிறு காலை ஐயரின் வண்டி வந்தது. நெட்டையான மனிதர். பிரசங்கத்தின் நடுவே யாராவது இருமினால் நிறுத்திவிட்டுப் பார்ப்பார். கொட்டகையில் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள் பாய். அம்மா தம்பியோடு நேரே பின்னால் போனாள். வேப்பந்தூணைத் தாண்டி அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் போனேன். அப்பா முன்னால் நின்றபடி பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. ஆண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின. உபதேசியார் வீட்டம்மா அப்படி என்ன பாவம் செய்தாள் என்று அவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றை நினைத்திருப்பார்கள். அது என்னவாக இருந்திருக்கும் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

முதல் பாட்டு முடிவதற்குள் கோயில் கூட்டும் அக்கா எழுந்தாள். குனிந்த தலையோடு பின்னால் வந்து உட்கார்ந்தாள். பிறகு நேற்று அழுதவள். பிறகு கதவுக்குப் பின்னால் ஒளிந்தவள். ஜெபத்துக்காக எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது நாலைந்து பேர் சேர்ந்தாற்போல வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அம்மாவைப் பார்க்காமல், எல்லாம் தெரிந்த ஒருத்தியின் பக்கத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். கடைசியாகக் கிணற்றோரத்துப் பெரியம்மா, கோபம் குறையாமல், வெற்றிலைப் பையோடு வந்தாள். அத்தை நகர்ந்து நகர்ந்து இடம் விட்டு, தூணிலேயே முழங்கால் முட்டுகிற அளவுக்கு முன்னால் வந்துவிட்டாள்.

ஐயர் அப்பத்தைப் பிட்டார். ஆண்களுக்குக் கொடுத்தார். பித்தளைத் தட்டோடு இடப்பக்கம் திரும்பினார். அங்கே பாய் மட்டும்தான் இருந்தது.

வெளியே வண்டிமாடு கழுத்தை ஆட்டும் மணிச்சத்தம் கேட்டது. ஐயர் பாயைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஏனுங்க ஐயரே," என்றாள் அத்தை தூணடியிலிருந்து, "அங்க யாருமில்லீங்க. எல்லாரும் இங்கதான் இருக்கறம்."

ஐயர் மெதுவாகக் கேட்டார். "ஏன் எல்லாரும் அங்கே?"

அம்மா எழுந்து நின்றாள். தம்பியை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். "மத்தவங்களைப் பத்தித் தெரியாதுங்க. நா மொடாவுல கை வெச்சுட்டேன். பையனுக்குக் கஞ்சி காச்சுனேன். மொடாவே முடிஞ்சு போச்சுங்க."

"அம்மா சொல்றது சரியில்லீங்க," என்று கோயில் கூட்டும் அக்கா வெடித்து அழுதாள். "அவுங்களா முடிச்சாங்க? போடற மாதிரி உள்ள போயி நாந்தான் அள்ளிட்டு வந்தேன்."

"நானுந்தான்," என்றாள் இன்னொருத்தி. "நானுங்க." "நானும்." கிணற்றோரத்துப் பெரியம்மா உட்கார்ந்தபடியே, "ஆமா, எடுத்தேன். பேரப்பிள்ளைக மண்ணைத் தின்னுதுங்க, எடுத்தேன்," என்றாள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். அம்மா முந்தின நாள் வீடு வீடாக வந்தது, தன் திருட்டைத் தெரிந்துகொண்டதால்தான் என்று நினைத்திருந்தாள்.

"நா எடுக்கலீங்க," என்றாள் அத்தை. "என்னைத்தான் மொடாக்கிட்டயே உடலியே."

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு அடக்கினார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, அழவுமில்லை. வாயைத் திறந்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மொடாவிலிருந்து கழித்துக்கொண்டு வந்தவர் ஆண்டவர் இல்லை என்பது அவளுக்குள் இறங்க நேரம் பிடித்தது.

அப்பா ஐயரிடம் குனிந்து, "ஒழுங்குப்படி இவர்களுக்கு..." என்று தொடங்கினார்.

ஐயர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் பிட்டாகிவிட்டது, உபதேசியாரே," என்றார். அவ்வளவுதான் சொன்னார். காலியான பாயை மிதித்துக்கொண்டு நடந்து வந்தார். அவருடைய செருப்பில்லாத பெரிய பாதங்கள் தூணைத் தாண்டியதை நான் தரையோடு உட்கார்ந்து பார்த்தேன்.

தூணடியில் இருந்ததால் அத்தைதான் முதல். "எனக்குங்களா?" என்று கையைப் பின்னுக்கு இழுத்தாள். ஐயர் தட்டை நீட்டியபடி நின்றார். அவள் இரண்டு உள்ளங்கையையும் சேலையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், பிறகு நீட்டினாள்.

அடுத்தது அம்மா. அவள் தலையை ஆட்டினாள். மற்றவர்கள் எடுத்ததால் தான் எடுத்தது இல்லையென்று ஆகுமா? அபாத்திரமாகச் சாப்பிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று நேற்றுத்தான் கேட்டிருக்கிறாள். பிள்ளையின் உயிர் அந்தத் தட்டில் இருப்பதுபோல ஒரு அடி பின்வாங்கினாள்.

அப்போது தம்பி கையை நீட்டினான். தட்டு அவன் முகத்துக்கு நேரே இருந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அம்மாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். அவன் வீறிட்டான். ஊறிப்போன துண்டு அவள் விரலோடு வந்தது.

"விடும்மா," என்றார் ஐயர். "பசிக்கிறது, எடுக்கிறான்."

அம்மா அந்தத் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். அது அப்பம். கீழே போட முடியாது. எச்சில்பட்டது. தட்டில் திருப்பி வைக்க முடியாது. பிள்ளை வாய்க்குத் திருப்பிக் கொடுக்க அவளால் ஆகாது. சுற்றிலும் பார்த்தாள். வேறு இடமே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மொடாவுக்குள் கையை விட்ட அன்று மூடியதுபோலவே மூடிக்கொண்டு, அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து மொடாவைத் திறந்தார்கள். அடியில் கொஞ்சம் இருந்தது. அதை விற்கவில்லை. கொட்டகைக்கு வெளியே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, இருந்ததையெல்லாம் கஞ்சியாகக் காய்ச்சச் சொன்னார் ஐயர். அத்தைதான் கிண்டினாள். ஆளுக்கு ஒரு சிரட்டை வந்தது. புள்ளிக் கஞ்சியை நான் அன்றுதான் முதன்முதலில் குடித்தேன். மண்வாசனையும் உப்புமாக இருந்தது. அம்மா தடுக்கவில்லை.

மழை அன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு பல நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரை அம்மா இரவில் தம்பியின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பயம் ஒரே நாளில் போய்விட்டது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது சேலத்தில் லாரி ஓட்டுகிறான். என் வீட்டுக்கு வந்தால் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான்.

ஐயர் செய்தது டவுனிலிருந்த மிஷன் மேலிடத்துக்கு எப்படியோ தெரிந்து, ஒழுங்கு பழையபடியே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த திருவிருந்துக்கு அத்தை மறுபடி தூணுக்குப் பின்னால். அம்மாவும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பெண்கள் பாயை அப்பாவே விரித்தார். முன்னால் கொஞ்சம் வெறுந்தரையை விட்டு, பின்னால் தள்ளி, பாயின் முனை தூணைத் தாண்டி வாசல் வரை போகும்படி விரித்தார். மிதிக்கிற பாய் பெண்கள் பாய்தானே என்று ஐயரும் தட்டோடு அதன்மேலேயே கடைசிவரை நடந்து வருவார். அந்த மொடா, நாங்கள் ஊர் மாறியபோது வண்டியில் உடைந்தது. பலகை மூடி மட்டும் என்னிடம் இருக்கிறது. ரேஷன் அரிசிப் பானையை மூட அதைத்தான் வைத்திருக்கிறேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, நான் செய்த எதற்காக இது என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். ஜெபிக்க உட்கார்ந்தால் ஆண்டவரிடம் சண்டைதான் வந்தது. கேட்கத் தகாத வார்த்தைகளில் கேட்டேன். காய்ச்சல் விட்டது. அதன் பிறகு அந்த வாயோடு முன்னால் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. கதவோரம் உட்கார்ந்தேன். அது தாழ்மையா, பயமா, அம்மாவைப் போல இருக்க வேண்டும் என்ற ஆசையா, எனக்கே பிடிபடவில்லை. அடுத்த திருவிருந்துக்கும் அங்கேதான் உட்காருவேன் என்று நினைக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். வந்து பக்கத்தில் உட்காருங்கள். தட்டு வரும்.

குழந்தையைப் பார்க்க அம்மா வந்திருந்தபோது, அன்று அந்த அப்பத்தை விழுங்கியபோது என்ன நினைத்தாய் என்று கேட்டேன். பெரிதாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் குழந்தையின் வாயோரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"நெனைக்கறதுக்கு எங்க நேரம்?" என்றாள். "உன்ற தம்பி எச்சி ருசிதான் சாமி இருந்துச்சு."